கண்டத்தில் நிறுத்திய கை

பிரதோஷ வேளையில் நந்தியின் கொம்புகளுக்கு நடுவே ஈசனைத் தரிசிக்கும்போது, நம் வீட்டுப் பிள்ளையை நினைக்காத தாய் உண்டா சகோதரிகளே? அப்படி ஒரு பிரதோஷத்தன்று, என் சொற்பொழிவு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெண்மணி தயங்கித் தயங்கி வந்தார். கையில் வில்வம். கண்ணில் நீர்.

"பையன் பிளஸ் டூ படிக்கிறான் ஐயா. அவன் பையில் ஒரு சின்னப் பொட்டலம் கிடந்தது. கஞ்சாவாம்! கேட்டால், 'சிவனே இதைத்தான் அடிக்கிறார், வடக்கே கோயில்லயே தர்றாங்க'ன்னு சொல்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. அவங்கப்பாகிட்டே இன்னும் சொல்லலை. தெரிஞ்சா அடிச்சே போட்டுடுவார்."

இந்தக் கேள்வி நாளை உங்கள் வீட்டிலும் எழலாம். 'சீ, வாயை மூடு' என்றால் பிள்ளை வாயை மூடிக்கொள்வான். பழக்கம் மட்டும் நிற்காது.

காசி போன்ற இடங்களில் சிவராத்திரிக்கும் ஹோலிக்கும் பாங் அருந்துவது உண்மைதான். அதைப் பொய் என்று சொல்லாதீர்கள். செல்போனில் தேடினால் அவனுக்கே தெரிந்துவிடும். ஆனால் பாங் என்பது அந்தச் செடியின் இலை. பூவும் மொட்டும் சேர்ந்த பகுதியைத்தான் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்கிறது. அதைச் சிறிதளவு வைத்திருந்தாலும் வயது வந்தவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. இதையும் சொல்லுங்கள். இலை என்பதால் அது நல்லதாகிவிடாது என்பதையும் சொல்லுங்கள். 'மூலிகைதானே அம்மா' என்பான். ஊமத்தையும் எருக்கும் சிவனுக்குச் சாத்துகிறோமே, அவற்றில் துவையல் அரைக்கிறோமா?

நம் ஊர்ச் சிவாலயங்களில் பாலும் தயிரும் தேனும் இளநீரும்தானே அபிஷேகமாகின்றன! ஈசன் உண்டது ஆலகாலம். அதுவும் ருசிக்காக அல்ல, தேவர்கள் அலறியதால். அவருக்கே அம்பிகையின் கை தேவைப்பட்டது. ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திர எல்லையில் இருக்கும் சுருட்டப்பள்ளிக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே ஈசன், விஷம் உண்ட களைப்பில் அம்பாளின் மடியில் தலை வைத்துப் பள்ளிகொண்டிருக்கிறார்.

விஷம் வயிற்றுக்குள் இறங்கிய பிறகா அம்பிகை கை வைத்தாள்? கண்டத்திலேயே நிறுத்தினாள். பத்து, பதினொரு வயதிலேயே பேச வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். சினிமாவில் கதாநாயகன் பாட்டிலைத் திறந்தால் அவசரமாகச் சேனலை மாற்றாதீர்கள். 'இது உனக்கு எப்படித் தோணுதுடா?' என்று கேளுங்கள். தெருவோரம் ஒருவர் விழுந்து கிடந்தால், அவரைத் திட்டாமல் அவர் வீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுங்கள். மணிக்கணக்கில் உபதேசம் வேண்டாம். அது என் தொழில். உங்களுக்கு ஐந்து நிமிடம் போதும்!

நிதானமாக முடிவெடுக்க உதவும் மூளைப் பகுதி முழுமையாக வளர ஏறத்தாழ 25 வயதாகும் என்கிறார்கள் மருத்துவர்கள். இள வயதில் கஞ்சா புகைப்பவர்களுக்கு, இல்லாத குரல் காதில் கேட்கும் மனநோய் வரும் அபாயம் அதிகம். குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

'அப்பா மட்டும் ஞாயிற்றுக்கிழமை குடிக்கலாமா?' என்று பிள்ளை கேட்டால்? கசனைக் கொன்று, எரித்து, சாம்பலை மதுவில் கலந்து குருவான சுக்ராசாரியாருக்கே கொடுத்துவிட்டார்கள் அசுரர்கள். வயிற்றுக்குள்ளிருந்து சீடன் குரல் கொடுத்த பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. சஞ்சீவினி மந்திரத்தால் இருவரும் பிழைத்தார்கள். அசுரர்கள் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு அவர் ஒதுங்கவில்லை. தன் கிண்ணத்தைத்தான் நொந்துகொண்டார். அந்தணருக்கு இனி மது ஆகாது என்று விதித்தார். பெல்ட்டை எடுக்கும் தகப்பனைவிட, 'நான் செய்றது தப்புடா, நிறுத்தப் பார்க்கிறேன்' என்று சொல்லும் தகப்பன் சொல்லுக்குத்தான் கனம் அதிகம்.

அந்தப் பெண்மணியிடம், "இன்று ராத்திரி அவனை அடிக்க வேண்டாம். சாப்பிட்டு முடித்ததும் பக்கத்தில் உட்காருங்கள். யார் தந்தது, எத்தனை நாளாக என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். கணவரிடம் மறைக்காதீர்கள், ஆனால் அவர் கோபம் தணிந்திருக்கும் நேரம் பார்த்துச் சொல்லுங்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போவதில் வெட்கம் வேண்டாம். 14446 என்ற அரசு உதவி எண்ணுக்குக் கட்டணமில்லை" என்றேன்.

மூன்று பிரதோஷம் கழித்து வந்தார்.

"முதல் நாள் கதவைச் சாத்திக்கிட்டான் ஐயா. நாலாம் நாள் நான் தோசை வார்க்கும்போது அடுப்படி வாசல்ல வந்து நின்னு அழுதான். டாக்டர்கிட்டே போயிட்டிருக்கோம். அவங்கப்பாவும் கூட வர்றார். இன்னும் முழுசா விடலை."

அர்ச்சகரிடம் அவனுக்கென்று தனியாகக் கொஞ்சம் வில்வம் கேட்டு வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.