ஒளிரும் இதயத்திடம் என்ன கேட்டோம்?

புற்றுநோய்க்காக எடுத்த பெட் ஸ்கேன் படத்தை முதன்முறையாகப் பார்ப்பவர்கள் கொஞ்சம் திடுக்கிடுவார்கள். மூளை ஒளிரும். சிறுநீர்ப்பை ஒளிரும். சிலருக்கு இதயமும். ‘எங்கே ஒளிருதோ அங்கே கேன்சர்’ என்று யாராவது எளிமையாகச் சொல்லிவைத்திருப்பார்கள். அப்போ இதயத்தில் தெரிவது என்ன?

ஸ்கேனுக்கு முன் நரம்பில் ஏற்றும் மருந்தின் பெயர் எஃப்டிஜி. குளுக்கோஸ் மூலக்கூறின் ஓரிடத்தில் கதிரியக்க ஃபுளோரின்-18 அணுவை மாட்டிய போலிச் சர்க்கரை. செல் இதையும் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுத்துக்கொள்கிறது. முதல் வேதிவினை நடக்கும். அதற்கு மேல் உடைக்க முடியாமல் அங்கேயே தங்கிவிடும். பல புற்றுச் செல்கள் சர்க்கரையை அளவுக்கு மீறி விழுங்குவதை ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே ஜெர்மனியில் கவனித்திருந்தார். ஆக, கருவிக்குத் தெரிவது பசி மட்டும்தான். அது எதன் பசி என்பதை ஒரு மனிதர் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

இதயம் கிடைப்பதைச் சாப்பிடும் உறுப்பு. பட்டினியில் கொழுப்பு அமிலங்களை எரிக்கும். சாப்பிட்டு இன்சுலின் ஏறினால் சர்க்கரைக்கு மாறும். அதனால்தான் ஸ்கேனுக்கு முன் 4 முதல் 6 மணி நேரமாவது தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம் என்கிறார்கள். அப்படியும் ஒருவருக்கு இதயம் ஒளிரும், இன்னொருவருக்கு ஒளிராது. ஒரே ஆளுக்கே மார்ச்சில் ஒரு மாதிரி, ஜூனில் வேறு மாதிரி இருக்கலாம்.

இதே மருந்தை இதயத்துக்காகவே கொடுக்கும் சோதனைகளும் உண்டு. ரத்த ஓட்டம் குறைந்துபோன இதயத் தசை செத்துவிட்டதா, உறங்கிக்கொண்டிருக்கிறதா என்று அறிய, சர்க்கரை கொடுத்த பிறகு ஸ்கேன் எடுப்பார்கள். அங்கே ஒளிர்ந்தால் நல்ல செய்தி, தசை உயிரோடு இருக்கிறது. சார்கொய்டோசிஸ் என்ற அழற்சி நோயைத் தேடும்போது நேர்மாறு. முந்தைய நாளே மாவுச்சத்தை விலக்கி, கொழுப்பு மிகுந்த உணவு கொடுத்து, பிறகு நீண்ட பட்டினி போடுவார்கள். நலமான தசை சர்க்கரையை விட்டு ஒதுங்கிவிடும். அதன் பிறகும் ஒளிர்ந்தால் கெட்ட செய்தி. புற்றுநோய் ஸ்கேனில் இந்த இரண்டு தயாரிப்பும் கிடையாது. அங்கே இதயம் ஒளிர்ந்தால், பெரும்பாலும் அது செய்தியே இல்லை.

ஒரே வெளிச்சத்துக்கு மூன்று பொருள். எந்தப் பொருள் என்பதை நாம் கேட்ட கேள்வியும், அந்தக் கேள்விக்காக உடலைத் தயார்செய்த விதமும்தான் முடிவு செய்கின்றன.

அறச்சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இதயம் முழுக்கச் சீராக ஒளிர்ந்தால் ‘இயல்பானது’ என்று எழுதிக் கடந்துவிடலாம். ஒரே ஒரு புள்ளி மட்டும் ஒளிர்ந்தால்? அதுவும் இயல்பான வேறுபாடாக இருக்கலாம். இடது மார்பகத்துக்குக் கொடுத்த கதிர்வீச்சின் விளைவாக இருக்கலாம். அழற்சியாக இருக்கலாம். அரிதாக, புற்று அங்கே பரவியதாகவும் இருக்கலாம். கேட்காத கேள்விக்கு அரைகுறையாக வந்த பதில் இது. எழுதுவதா, விடுவதா?

ரிப்போர்ட் இப்போது நோயாளியின் போனுக்கே வந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை இரவு வரும். டாக்டரைத் திங்கட்கிழமைதான் பார்க்க முடியும். நடுவில் இரண்டு நாள், குடும்பமே ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கும். “ஹார்ட்லயும் ஏதோ இருக்குன்னு போட்டிருக்கேப்பா” என்று கேட்கும் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? அவரைக் காப்பாற்ற அந்த வரியை எழுதாமலே விட்டிருக்கலாம் என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது அவருடைய உடல். அதில் தெரிந்ததை அவரிடமிருந்து மறைப்பதைக் கருணை என்று சொல்லிக்கொள்ள முடியாது.

ஆனால் எழுதிவிட்டால் மட்டும் கடமை முடிந்ததா? என் தொழிலில் இதற்கு நன்கு பழகிய வடிவம் ஒன்று உண்டு. சர்வரில் எது அசைந்தாலும் எல்லாருக்கும் எச்சரிக்கை போகும்படி அமைத்துவிடுவது. பிறகு ஏதாவது கவிழ்ந்தால், ‘நான்தான் அன்னைக்கே மெயில் அனுப்பினேனே’ என்று சொல்லிக்கொள்ளலாம். தினமும் நூறு எச்சரிக்கை வரும் பெட்டியை யாரும் திறப்பதில்லை என்பது அமைத்தவருக்கும் தெரியும். சொன்னவர் தப்பித்தார், அவ்வளவுதான். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘மருத்துவ நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்’ என்ற வாசகம் சில சமயம் இதே வேலையைத்தான் செய்கிறது. அறியாமையின் சுமையை அதைத் தாங்கும் வலு மிகக் குறைந்தவர் தலையில் இறக்கிவைக்கிறது.

உண்மையைச் சொல்வது என்றால் அதன் எடையையும் சேர்த்துச் சொல்வது. ‘இதயத்தில் ஒரு புள்ளி ஒளிர்கிறது. பெரும்பாலும் இது இயல்பானதுதான். இதயத்தைச் சோதிப்பதற்காகத் தயார்செய்த ஸ்கேன் அல்ல இது, ஆகவே இதை வைத்து முடிவு சொல்ல முடியாது. மூச்சுத்திணறலோ படபடப்போ இருந்தால், முன்பு மார்பில் கதிர்வீச்சு எடுத்திருந்தால், இதய மருத்துவரிடம் காட்டுங்கள்.’ நான்கு வரி. இதில் தெரிந்தது எது, தெரியாதது எது, அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாம் இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர், அதோடு விலகிப் போய்விடவில்லை.

வெள்ளிக்கிழமை இரவில் அதைப் படிப்பவரின் பயம் முழுதாகப் போய்விடாது. ஆனால் எவ்வளவு பயப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். திங்கட்கிழமை டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும்.