விலக்கும் வெறுப்பும்

ஜப்பானின் கியூஷூத் தீவிலுள்ள குருமே நகரில், 1937ஆம் ஆண்டு ஒரு தெருவோரக் கடையில் பிறந்தது பன்றியெலும்புச் சாற்று ராமென் என்பர். எலும்பைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினால் கொழுப்பும் நீரும் கலந்து சாறு பால்போல் வெளுக்கும். இளந்தீயில் நுரை நீக்கி வந்தால் மெல்லியதாய்த் தெளிந்து நிற்கும். கணவன் அடுப்பருகே நிற்க, மனைவி கிண்ணம் ஏந்தும் சிறு குடும்பக் கடைகள் அங்குப் பல.

அத்தகைய கடையில் நுழையும் முஸ்லிம் பயணி, மேலே கிடக்கும் இறைச்சித் துண்டை அகற்றிவிட்டு மெல்லிய சாற்றை அருந்தலாமா? கூடாது. மது தானே காடியாகிவிடுவது போன்ற மாற்றம் இங்கில்லை. எலும்பின் சாரமே நீரில் இறங்கியிருக்கிறது. சட்டம் இவ்வளவில் முடிந்தது.

முடியாதது வேறொன்று. விலக்கப்பட்ட பொருள்மீதுள்ள வெறுப்பை அதைச் சமைத்தவர்மீதும் ஏற்றலாமா? மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியேறுவதை ஈமானின் அடையாளமாகக் கருதுவோர் நம்மில் உளர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறைகூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். அது ஆகுமான உணவைப் பற்றியதன்றோ எனலாம். மெய்தான். ஆயினும் நம் பேச்சு உணவைப் பற்றியதன்று, உழைத்தவரைப் பற்றியது.

“ஐயா, இதில் பன்றி உண்டு” என்று அந்தக் கடைக்காரர் தாமே முன்வந்து சொன்னால், ஒரு விற்பனையை இழந்து நம் மார்க்கத்தைக் காத்தவர் ஆகிறார். ஹலால் பலகையின் கீழிருந்து எடையில் குறைப்பவரோ, ‘அல்முதஃப்பிஃபீன்’ அத்தியாயத்தை ஓதத் தெரிந்தவர். இவ்விருவரில் யாரைக் கண்டு நாம் மூக்கைப் பொத்துகிறோம்?