வேகமும் சுருக்கும்

'சுருக்காக வா' என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. குறுக்கம், விரைவு என்னும் இரு பொருளையும் ஒரே சொல்லில் அடக்கிய நம் முன்னோர் ஒரு நுட்பத்தை அறிந்திருந்தனர் போலும். அமெரிக்கர் ஆடும் பேஸ்பால் ஆட்டத்தில் மட்டை பிடிப்போர் அதே நுட்பத்தைத்தான் விவாதிக்கின்றனர்.

அங்கே எறிமேடைக்கும் அடிதளத்துக்கும் இடைத்தொலைவு 60 அடி 6 அங்குலம். வேகப்பந்து ஏறத்தாழ 0.4 நொடியில் வந்துவிடும். பந்தைத் தொடும் கணத்தில் மட்டை எவ்வளவு விரைந்து செல்கிறது என்பது வேகம். வீசத் தொடங்கியது முதல் பந்தைத் தொடும்வரை செல்லும் நேரத்தின் குறைவு சுருக்கு. மட்டையை வெகுவாகப் பின்னிழுத்துச் சுழற்றுபவருக்கு வேகம் கிட்டலாம். ஆனால் அவர் முன்னதாகவே தொடங்கியாக வேண்டும். பந்து வளையுமா, தாழுமா என்று தெரியுமுன்பே தீர்மானித்தாக வேண்டும். சுருங்கிய வீச்சுடையவரோ இன்னும் ஒரு கணம் பார்த்திருக்கலாம். ஆக, சுருக்கின் பயன் காத்திருக்க முடிவதே!

நமக்குப் பழகிய கிரிக்கெட்டிலும் இதுவே நிலை. 2018 மார்ச் 18 அன்று கொழும்பில், வங்கதேசத்துக்கு எதிராக 12 பந்துகளில் 34 ஓட்டங்கள் தேவைப்பட்டபோது தினேஷ் கார்த்திக் களமிறங்கினார். எட்டே பந்துகளில் 29 ஓட்டங்கள். கடைசிப் பந்தில் ஆறு. அதை வேகத்தின் வெற்றி என்றே பேசுகிறோம். அந்த நெருக்கடியிலும் அவர் பார்வை குலையாதிருந்ததே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

புனித தோமா அக்குவினா விவேகத்தின் உறுப்புகளுள் ஒன்றாக விரைந்துணரும் திறனைச் சேர்க்கிறார். பதற்றத்தையோ விவேகத்துக்கு எதிரான குற்றமாக வைக்கிறார். படிப்படியாக இறங்காமல் மேலிருந்து பாய்வது போன்றது அது என்பது அவர் விளக்கம்.

பீஸ் ரேட்டில் பிழைக்கும் திருப்பூரில் இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. ஓவர்லாக் இயந்திரம் நிமிடத்துக்கு ஐயாயிரம் தையலுக்கு மேல் ஓடும்; அந்த ஓட்டத்தை நாம் மனத்துக்கும் பூட்டிக்கொள்கிறோம். ஒரு கட்டில் பத்து பனியன் குறைந்தால், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பிள்ளைமீது பழி விழ ஐந்து நிமிடம் ஆவதில்லை. கட்டிங் மேசையில் எண்ணியவரைக் கேட்க எவருக்கும் தோன்றுவதில்லை. அந்தப் பழி அன்று பிறந்ததன்று. 'வெளியூரான்' என்ற எண்ணம் நெடுநாளாய்ப் பின்னிழுத்து வைத்திருந்த மட்டை அது. வீச்சு நீண்டதாகையால், பந்தைக் காணுமுன்பே தொடங்கிவிட்டது.

கல்லெறியத் துடித்தோர் ஒரு பெண்ணைக் கொணர்ந்து நிறுத்தியபோது, ஆண்டவர் குனிந்து தரையில் எழுதிக்கொண்டிருந்தார் என்கிறது யோவான் நற்செய்தி 8-ஆம் அதிகாரம். பிறகு அவர் தந்த விடையோ ஒரே வாக்கியம்.

காத்திருப்பதெல்லாம் விவேகம் ஆகிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். பிலாத்து குற்றமில்லை என்று கண்ட பின்னும் ஏரோதிடம் அனுப்பினான், கூட்டத்தைக் கேட்டான், இறுதியில் கை கழுவினான். பந்தைத் தெளிவாகப் பார்த்துவிட்டு, மட்டையைத் தூக்காமலே நின்றவன் அவன். நம் ஊரிலும் பத்து பனியனின் கணக்குச் செவ்வாயன்றே சரியாகிவிடும். அதைச் சொல்லி அந்தப் பிள்ளையை உள்ளே அழைக்க ஆளில்லாமல், சனிக்கிழமைச் சம்பளம் பட்டுவாடா ஆகும் வரை அவன் கம்பெனி வாசலில் நின்றுகொண்டிருப்பான்.