முடியப்பர்

கிறித்தவத்தின் முதல் இரத்தசாட்சியாக, அதாவது விசுவாசத்திற்காக உயிர்நீத்தவராகப் போற்றப்படும் எருசலேம் திருத்தொண்டர் ஸ்தேவானைத் தூத்துக்குடிக் கடற்கரைக் கத்தோலிக்கர் முடியப்பர் என்றே வழங்கிவந்துள்ளனர். ஸ்தெபனோஸ் என்னும் கிரேக்கப் பெயருக்கு வெற்றிமுடி என்பது பொருள். அவ்வொலியை அப்படியே கடன் வாங்காமல் பொருளைத் தமிழாக்கி, தந்தைக்குரிய மதிப்போடு ‘அப்பர்’ என்பதையும் சேர்த்த அம்முன்னோரின் மொழியுணர்வு வியந்து போற்றத்தக்கது. 1530களில் பரதவர் திருமுழுக்குப் பெற்று, 1542இல் சவேரியார் வந்து பணியாற்றிய இம்முத்துக்குளித்துறையில், காயல்பட்டினத்தை அடுத்த கொம்புத்துறையின் ஆலயம் முடியப்பர் பெயரையே தாங்கி நிற்கிறது. கல்லெறிந்து கொன்றவர்களுக்காக மன்னிப்பு வேண்டியபடியே அவர் இறந்தார் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது; அக்கொலையாளிகளின் மேலாடைகளைக் காத்து நின்ற சவுல் என்னும் இளைஞரே பின்னாளில் மனம் மாறிப் பவுல் எனப்பட்டார். பவுலுஸ் என்பதற்கு இலத்தீனில் சிறியவர் என்று பொருள். ஆகவே, முடியப்பரின் சாவுக்கு உடன்பட்டு நின்ற அவரும் இக்கரையின் வழிபாட்டில் சின்னப்பர் ஆனார். முடியப்பர் திருநாள் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26.