மதில் சொல்லும் பாதி உண்மை

கல்லடிப் பாலத்தைக் கடந்து மட்டக்களப்பு நகருக்குள் செல்கையில், மதிலொன்றில் தீட்டிய போர்வீரனைக் காட்டி ஒரு பிள்ளை, “அப்பா, இது ஆர்?” என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். தந்தை என்ன விடை சொல்வார்?

2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு, நாட்டின் பல பாகங்களிலும் இளைஞர்கள் தூரிகையுடன் தெருவுக்கு வந்தார்கள். அழுக்கேறிய மதில்களில் காடும் விலங்கும், பண்டைய அரசரும், துப்பாக்கி ஏந்திய போர்வீரரும் தோன்றினர். ஊரை அழகுபடுத்தும் ஆர்வத்தை நாம் குறைகூறவில்லை. ஆனால், போரை வரையப் புகுந்தவர் வென்றவனை மட்டும் வரைந்தால் அது பாதி உண்மையன்றோ? 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி வீதியோரத்தில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு அமர்ந்த தாய்மாருக்கு, அந்தக் கொட்டகையே மதிலாயிற்று.

1937 ஏப்ரல் 26 இல் ஸ்பெயின் நாட்டின் கேர்னிக்கா என்னும் ஊர் விமானக் குண்டுகளுக்கு இரையாயிற்று. அதே ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்காகப் பிக்காசோ சுவரளவு ஓவியமொன்றைத் தீட்டினார். அதில் விமானம் இல்லை. பகைவனின் கொடி இல்லை. இறந்த குழந்தையை ஏந்திக் கதறும் தாய் இருக்கிறாள். ஆகவேதான் எந்த நாட்டுத் தாயும் அதன்முன் நின்று தன் துயரைக் காண்கிறாள்.

இதே அளவுகோலை நம்மீதும் வைப்போம். 1990 ஆகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 9 இல் சத்துருக்கொண்டானில், பச்சிளங் குழந்தைகள் உட்பட 180 க்கு மேற்பட்ட தமிழர் இராணுவத்தினரால் கொல்லப்பட்டனர். கல்லடி இவ்விரு ஊர்களுக்கும் நடுவே இருக்கிறது. நம் கையில் தூரிகை கிடைத்தால் சத்துருக்கொண்டானை வரைவோம். காத்தான்குடியையும் வரைவோமா? வரையமாட்டோமெனில், வென்றவனின் மதிலைப் பழிக்க நமக்கு என்ன தகுதி உண்டு?

“பழைய புண்ணைக் கிளறுவதேன்?” என்பர் சிலர். கழுவாமல் கட்டிய புண் உள்ளே சீழ்பிடிக்கும் என்பதை நம் வீட்டுத் தாய்மார் அறிவர். பழிவாங்கத் தூண்டும் படம் வேறு. “இனி இது நேரக்கூடாது” என்று நெஞ்சைத் தொடும் படம் வேறு. முன்னது நம்மவரின் இரத்தத்தை மட்டும் காட்டும். பின்னது அயலவனின் கண்ணீரையும் காட்டும்.

தம்பி எங்கே என்று ஆண்டவர் கேட்டபோது காயின் தெரியாது என்றான். மதிலைக் காட்டிப் பிள்ளை கேட்கும்போது நாமும் அவ்வாறே சொல்லித் தப்பலாகாது. மதிலில் இருப்பவர் யார் என்று சொல்வோம். இல்லாதவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.