பத்து மாதமும் பிழைத்து வந்தவர்கள் நாம்



தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறாத பினாங்குப் பிள்ளைகள் நம்மில் குறைவு. காவடிகளுக்கு நடுவே இன்னொரு காட்சியையும் பார்த்திருப்பீங்க. கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் மஞ்சள் துணியைத் தொட்டிலாகத் தொங்கவிட்டு, உள்ளே பிள்ளையைக் கிடத்தி, அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு முனையைத் தோளில் தாங்கி வருவாங்க. வேண்டிப் பெற்ற பிள்ளை. முருகனிடம் காட்டி நன்றி சொல்ல வருகிறார்கள்.

ஒரு தைப்பூசத்தில் எங்கள் அக்கா அந்தத் தொட்டிலைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆறு மாதத்துக்கு முன்புதான் மூன்றாம் மாதத்தில் அவருக்குக் கரு கலைந்திருந்தது. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் ஆறுதல் சொல்லவில்லை, விசாரணை நடத்தினார்கள். "அன்னாசி சாப்பிட்டியா?" "படி ஏறினியா?" "ராத்திரியில வெளிய போனியா?" கடைசியில் ஒருவர், "என்ன பாவமோ, சாமி கொடுக்கல" என்றே சொல்லிவிட்டார். எனக்கு அப்போது 19 வயது. பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அன்று பேசாததை இன்று உங்களிடம் பேசுகிறேன்.

திருவாசகத்தின் 51 பகுதிகளில் நான்காவது போற்றித் திருஅகவல். தில்லையில் மாணிக்கவாசகர் அருளியது. அதில் கரு வளரும் பத்து மாதங்களையும் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார். முதல் மாதத்தில் கரு இரண்டாகப் பிளந்து போகாமல் தப்பியது. நான்காம் மாதத்தில் பேரிருளைத் தப்பியது. ஐந்தாம் மாதத்தில் சாவைத் தப்பியது. ஏழாம் மாதத்தில் முன்கூட்டியே பூமியில் விழாமல் தப்பியது. பத்தாம் மாதத்தில் தாயும் சேயும் சேர்ந்து படும் துன்பக் கடலைக் கடந்து வந்தது. மாதத்துக்கு மாதம் அவர் திரும்பத் திரும்பப் போடும் சொல் 'பிழைத்தும்' என்பது. தப்பி, உயிரோடு வந்தது என்று பொருள்.

பாருங்க, கருவில் குழந்தை வளர்வதை அவர் உறுதியான ஒன்றாகப் பாடவில்லை. ஒவ்வொரு மாதமும் ஓர் ஆபத்து, ஒவ்வொன்றிலும் ஒரு தப்பித்தல் என்று பாடுகிறார். அவர் தாயின் மீது எங்கேயும் பழி போடவில்லை. நாமோ 'பிழைத்தல்' என்பதை விட்டுவிட்டு, பெண்ணிடம் 'பிழை' தேடுகிறோம்.

இன்றைய மருத்துவம் சொல்வதையும் கேளுங்க. நம் தொடக்கம் ஒரே ஒரு செல். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். கருவுற்று மூன்று வாரத்தில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. அப்போது பல தாய்மாருக்குத் தான் கர்ப்பம் என்பதே தெரியாது. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான குழாய் சுமார் 28 நாளில் மூடிவிடுகிறது. அதனால்தான் ஃபோலிக் அமில மாத்திரையைக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே சாப்பிடச் சொல்றாங்க. எட்டு வாரத்தில் முக்கிய உறுப்புகள் எல்லாம் உருவாகத் தொடங்கிவிடும். குழந்தையின் நீளமோ மூன்று சென்டிமீட்டர் அளவுதான். ஐந்தாம் மாத வாக்கில் தாய் அசைவை உணர்கிறாள். ஏழாம் மாதத்தில் வெளிச் சத்தம் உள்ளே கேட்கிறது. வளைகாப்பு வளையல் ஓசையையும் பிள்ளை கேட்கும். நுரையீரல் கடைசி வாரங்களில்தான் முழுதாகத் தயாராகிறது. ஏழாம் மாதப் பிறப்பைக் கண்டு மாணிக்கவாசகர் ஏன் பதறினார் என்பது இதிலிருந்து புரியும்.

கிளினிக்கில் 40 வாரம் என்கிறார்கள், பாட்டி பத்து மாதம் என்கிறார். எது சரி? கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள். 28 நாளை ஒரு மாதமாக எண்ணினால் சரியாகப் பத்து. இரண்டும் ஒரே கணக்குதான்.

இன்னொரு உண்மை. தெரியவந்த கர்ப்பங்களில் நூற்றில் பத்து முதல் இருபது வரை கலைந்துவிடுகின்றன. தொடக்க மாதங்களில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம், கருவின் குரோமோசோம் எண்ணிக்கை சரியாக அமையாமல் போவது. படி ஏறியதோ ஒரு துண்டு அன்னாசியோ காரணம் இல்லை. தாய் செய்த குற்றமும் இல்லை.

"அந்தக் காலத்திலேயே நம்மவர்களுக்கு எல்லாம் தெரியும்" என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் கர்ப்பக்கிரியை என்றொரு பகுதி உண்டு. மூச்சு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை வைத்து ஆணா பெண்ணா என்றும், தாயின் வயிற்று நிலையை வைத்துப் பிள்ளையின் குறைகளையும் அது சொல்கிறது. அவற்றை இன்று மருத்துவம் ஏற்காது. அதை ஒப்புக்கொள்வதால் திருமூலருக்கு எந்தக் குறையும் வராது. உடலுக்குள் வந்த உயிரைக் காப்பது இறைவன் என்பதே அவர் நமக்குத் தரும் பாடம். கருவின் அளவைச் சொல்ல ஸ்கேன் இருக்கிறது. நன்றியைச் சொல்லித்தரத் திருமுறை இருக்கிறது.

"அப்படின்னா, பிழைக்காத கருவுக்கு அருள் இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உயிருக்குத் தோற்றமும் இல்லை, அழிவும் இல்லை என்பது நம் சைவ சித்தாந்தம். கலைந்தது உடல். அந்த உயிர் அப்போதும் சிவனுடைய கையில்தான். பிறந்தவன் அருளுக்கு உரியவன், பிறக்காதது பாவத்தின் சம்பளம் என்று எந்தத் தாயிடமும் சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

பல மாதம் கழித்து, போற்றித் திருஅகவலின் அந்த அடிகளை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஒரு ஆம்பளை இவ்வளவு பொறுமையா மாசத்தை எண்ணியிருக்காரே தம்பி" என்றார். அன்றுதான் என் முன்னால் அழுதார். அடுத்த வெள்ளிக்கிழமை குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலுக்கு என்னோடு வந்தார்.

பிறகு அக்காவுக்குப் பிள்ளை பிறந்ததா? இதைத்தானே கேட்க வர்றீங்க? அந்தக் கேள்வியைத்தான் நாம் முதலில் விட வேண்டும். கல்யாண வீட்டில், கோயிலில், "விசேஷம் ஏதும் உண்டா?" என்று யாரையும் கேட்காதீங்க. தம்பிமார்களே, நாளை மனைவி கர்ப்பமானால் கிளினிக்குக்குக் கூடவே போங்க; வீட்டுக்குள் சிகரெட் புகை வேண்டாம். யாராவது ஒரு பெண்ணை விசாரிக்கத் தொடங்கினால், நான் நின்றதுபோல் வாய்மூடி நிற்காதீங்க.

இன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம், "நான் வயித்துல இருந்தப்ப எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேளுங்க. பத்து மாதமும் நாம் பிழைத்தது அவருடைய உடம்பில், அவன் அருளில்.

திருச்சிற்றம்பலம்.