மேலே செபம், கீழே சிறை

கானாவின் தலைநகர் அக்ராவில் ட்ரோட்ரோ என்னும் நெரிசல் வேனில் ஏறி, கடலை ஒட்டி மேற்கே சில மணி நேரம் போனால் கேப் கோஸ்ட் வரும். முதுகில் மூட்டையோடு இறங்கும் பயணிக்கு முதல் நாள் கடலிலும் மீனிலும் கழிந்துவிடும். வண்ணம் பூசிய நீண்ட மரப்படகுகளை ஃபான்டே இனத்து மீனவர்கள் பாட்டோடு கரையேற்றுவார்கள். கோட்டோகுராபா சந்தையில் பொரித்த மீனும், புளித்த சோளமாவில் செய்த கென்கியும் கிடைக்கும். படகிலும் கடைப் பலகையிலும் வேன் கண்ணாடியிலும் ஆண்டவர் பெயர் எழுதியிருக்கும். பக்தியில் ஊறிய ஊர் இது.

இரண்டாம் நாள் எல்லோரும் கோட்டைக்குப் போகிறார்கள். போகத்தான் வேண்டும். ஆனால் அங்கே எதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம் என்பதில் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

1653இல் ஸ்வீடன்காரர்கள் தொடங்கிய கோட்டை, அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1807இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்யும்வரை, மனிதர்களைக் கப்பலேற்றும் கிடங்காக இருந்தது. ஆண்களை அடைத்த நிலவறையில் வெளிச்சத்துக்கு உயரத்தில் சில துளைகள், அவ்வளவுதான். உண்டதும் கழித்ததும் செத்ததும் அதே தரையில். பயணிகள் அங்கே அழுகிறார்கள். கடலைப் பார்த்த வாசலில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நிலவறைக்கு நேர்மேலே வழிகாட்டி காட்டும் தேவாலயக் கூடத்தை மட்டும் ஒரு பெருமூச்சோடு கடந்துவிடுகிறார்கள். நின்று யோசிக்க வேண்டிய இடம் அதுதான்.

அந்தக் கோட்டையில் 1766 முதல் 1816இல் இறக்கும்வரை குருவாக இருந்தவர் வெள்ளைக்காரர் அல்லர். அதே ஊரில் பிறந்த ஃபான்டே மனிதர் பிலிப் குவாக்கு. 13 வயதளவில், 1754இல், படிப்பதற்காகக் கப்பலேறி லண்டன் போனவர். இங்கிலாந்துத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்கர்.

1770 வாக்கில் இன்னொரு ஃபான்டே சிறுவன், அவனுக்கும் 13 வயதளவு, விளையாடிக்கொண்டிருந்த இடத்தில் கடத்தப்பட்டான். பெயர் ஒட்டோபா குகோவானோ. அவனைக் கொண்டுவந்தவன் வாங்கிய விலை ஒரு துப்பாக்கி, ஒரு துணி, கொஞ்சம் ஈயம். (மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களுக்கு விலையாகப் போன துணிகளில் நம் சோழமண்டலக் கரையில் நெய்தவையும் உண்டு. நெய்தவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.) கரையோரக் கோட்டைச் சிறையில் மூன்று நாள் கிடந்து, பிறகு கிரெனடாவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனான். விடுதலை பெற்று லண்டனில் வாழ்ந்தபோது, 1787இல், அடிமைமுறையை அடியோடு ஒழிக்கக் கோரிப் புத்தகம் எழுதினான். அதில் அவன் எடுத்தாண்டதும் விவிலியத்தைத்தான்.

நம்பிக்கை கொண்டவர்கள்தானே அடிமைமுறையை எதிர்த்தார்கள் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: ஆம், எதிர்த்தார்கள். குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் முன்னால் நின்றார்கள். ஆனால் அதே வேதம், அதே ஆண்டவர், அதே காலம், அதே மொழி பேசும் இரண்டு சிறுவர்கள். ஒருவரால் நிலவறைகள் நிறைந்த கோட்டையில் ஐம்பது ஆண்டு செபம் நடத்த முடிந்தது. இன்னொருவர் அந்த வணிகத்தையே குற்றக்கூண்டில் ஏற்றினார். அப்படியானால் தீர்ப்பைச் சொன்னது வேதம் இல்லை. சூடு பட்ட உடம்புதான் சொன்னது.

குவாக்குவை மட்டும் பழிப்பது நியாயம் ஆகாது. அவருக்கு ஊதியம் தந்த மறைபரப்புச் சங்கத்துக்கு 1710இல் பார்படாஸில் காட்ரிங்டன் கரும்புத் தோட்டங்கள் உயிலாக வந்தன, அடிமைகளோடு. அந்த அடிமைகளின் மார்பில் ‘சொசைட்டி’ என்று பழுக்கக் காய்ச்சிய இரும்பால் முத்திரை குத்தினார்கள். அந்த வழக்கம் நிற்க 1732 ஆனது. 1830களில் பிரிட்டன் அடிமைகளை விடுவித்தபோது, அங்கிருந்த 411 பேருக்கு ஈடாகச் சங்கத்தின் தரப்புக்கு 8,823 பவுண்டு வந்தது. விடுதலையானவர்களுக்கு ஒரு காசு இல்லை. இங்கிலாந்துத் திருச்சபை இதற்கு மன்னிப்புக் கேட்ட ஆண்டு 2006.

இதில் யாரும் செபத்தைத் தவறவிட்டவர்கள் இல்லை. வழிபாடு ஒருவரை நல்லவராக்கும் என்ற நம்பிக்கைக்கு எதிராக இதைவிடப் பெரிய சாட்சியம் எனக்குத் தெரியாது.

கேப் கோஸ்ட் போகும் இளைஞர்களே, நிலவறையிலேயே அழுது முடித்துவிடாதீர்கள். படியேறி வாருங்கள். மேலே கூடியவர்களை அரக்கர்கள் என்று ஒதுக்கித் தப்பித்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் குடும்பமும் கவலையும் கொண்ட சாதாரண மனிதர்கள். ஊர் திரும்பியதும் நீங்கள் கும்பிடும் இடத்தின் கணக்கைக் கேளுங்கள். அதன் நிலம் யாரிடமிருந்து வந்தது, அங்கே பெருக்குகிறவருக்குக் கூலி எவ்வளவு, கழிவுக் குழியில் இறங்குகிறவர் யார், அவரை வாசலுக்குள் விடுகிறார்களா என்று கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.